ஈக்கு விழுந்த ஒற்றை ஓட்டு

உலகத்திலேயே ஈ ஓட்டி முன்னுக்கு வந்த மனிதர் ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் திருத்தணியில் இருந்தார். மற்ற ஊர்களில் கடைக்காரர் ஈ ஓட்டினால் வியாபாரம் படுத்துவிட்டது என்று பொருள். எங்கள் ஆள் ஈ ஓட்டினால் வாசலில் செருப்புகள் நிரம்பிவிட்டன என்று பொருள். நான் எண்ணியவரை ஒரு நாளைக்கு முப்பது ஜோடிக்குக் குறைந்ததில்லை. ஒற்றையாகக் கிடந்த செருப்புகளைக் கணக்கில் சேர்க்கவில்லை.

விஷயம் இதுதான். 2005 வாக்கில், மலைப் படிக்கட்டு தொடங்கும் இடத்திலிருந்து என் நடையில் நூற்றுப் பன்னிரண்டு எட்டு தள்ளி, அவர் ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். இணையத்தைத் திறந்து காட்டும் மென்பொருளுக்கு பிரவுசர் என்று பெயர். அன்றைக்குப் பெரும்பாலான கணினிகளில் இருந்த பிரவுசரின் அடையாளம், ஆங்கில அரிச்சுவடியின் ஐந்தாம் எழுத்து, நீல நிறத்தில். வாயால் சொன்னால் ‘ஈ’. அதை இயக்குகிறவர் ஈயோட்டி. பெற்றோர் வைத்த பெயர் என்னவென்று எனக்குத் தெரியாது. கேட்டால், “அத்த வெச்சிகினு இன்னா சார் பண்ணப் போறீங்க? ஈயோட்டின்னு கூப்டுங்க, ஆங்னு வரேன்” என்பார்.

முதல் நாள் நான் போனதே ஒரு விபத்தில் முடிந்தது. நில அளவை அலுவலகத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் சங்கிலி பிடித்து ஓய்வு பெற்றவன் நான். கணினியைக் கையால் தொட்டதில்லை. என்னை ஒரு பெட்டியின் முன்னால் உட்கார வைத்துவிட்டு, “ஈ மேல ரெண்டு தட்டு தட்டுங்க சார், அதுவா தெறந்துக்கும்” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

பக்கத்தில் பஞ்சாமிர்தக் கடை. அந்தப் புண்ணியத்தில் இவர் கடையில் நிஜ ஈக்களும் உண்டு. திரையின் நட்ட நடுவில் ஒன்று உட்கார்ந்து கையைத் தேய்த்துக்கொண்டிருந்தது. நான் செய்தித்தாளைச் சுருட்டி ஒரு தட்டு தட்டினேன். பறந்துவிட்டது. இரண்டு என்று சொன்னாரே என்று, அது மறுபடி வந்து உட்காரும்வரை காத்திருந்தேன். நான்கு நிமிடம்.

“இன்னா சார் பண்ணிகினு கீறீங்க?”

“இன்னும் ஒரு தட்டு பாக்கி இருக்குப்பா.”

கடையில் இருந்த ஒன்பது பேரும் சிரித்தார்கள். ஈயோட்டி மட்டும் சிரிக்கவில்லை. “சார் சரியாத்தான் செஞ்சிருக்கார். நான் எந்த ஈன்னு சொல்லல” என்றார். அன்றே அவர்மேல் எனக்கு ஒரு மரியாதை வந்தது. ஆனால் அடுத்த நிமிடமே அதைக் கெடுத்துக்கொண்டார்.

அவர் கடையில் ஆறு கணினிகள். ஆறுக்கும் அறுபடை வீடுகளின் பெயர். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். திருச்செந்தூரில் மின்விசிறி ஓயாமல் இரையும். அலைச் சத்தம் என்பார். பழனியில் ஒலிபெருக்கி, காதில் மாட்டுகிற கருவி, காமிரா ஒன்றுமே கிடையாது, கேட்டால், “அவுரு ஆண்டி சார், எல்லாத்தயும் துறந்துட்டாரு.” சுவாமிமலையில் உட்கார்ந்தால் பிள்ளைகள் அப்பாக்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். ஐந்தாவது பெட்டி திருத்தணி. முருகன் சினம் தணிந்து அமர்ந்த இடம் அல்லவா? அதனால் யார் கோபமாக வந்தாலும் அங்கேதான் உட்கார வைப்பார்.

கடையில் சிரிப்பு அடங்காததால், செய்தித்தாளும் கையுமாக நான் எழுந்து, “ஒழுங்காச் சொல்லித்தர வக்கில்ல, கடை எதுக்குய்யா?” என்று சத்தம் போட்டேன். அவர் என் முழங்கையைப் பிடித்து நடத்திச் சென்று, “சார், அஞ்சாம் படை வீட்ல ஒக்காருங்க. தணிஞ்சிடும்” என்றார். பிறகு அந்தக் கடைக்கு இருநூற்று ஏழு தடவை போயிருக்கிறேன். இருநூற்று ஏழு தடவையும் எனக்குத் திருத்தணிதான்.

இனி என் சங்கடத்துக்கு வருகிறேன். கனடாவில் இருந்த என் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. எங்கள் குடும்பத்தில் முப்பத்தொன்றாம் நாள் பெயர் வைப்பார்கள். தாய்வழித் தாத்தாதான் குழந்தையின் காதில் பெயரை மூன்று முறை சொல்லவேண்டும். வேறு யார் சொன்னாலும் செல்லாது. வள்ளி என்று பெயர் தீர்மானித்தாகிவிட்டது. என் மருமகன், “நீங்க அங்கிருந்தே சொல்லுங்க மாமா, பாப்பா காதுல ஹெட்போன் வெச்சுடறோம்” என்று ஓர் இணையப் பக்கத்தின் முகவரியை அனுப்பினான். அதில் முகமும் தெரியும், குரலும் கேட்கும். அன்று திங்கட்கிழமை. பெயர் வைக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கு இருபத்தேழு நாட்கள் இருந்தன.

போய்த் திறந்தேன். சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம், அதன் மூலையில் சிவப்புப் பெருக்கல் குறி. கீழே நான்கு வரி. உங்கள் பிரவுசர் பழையது, புதியதற்கு மாறுங்கள் என்பது அதன் சாரம்.

அப்போதுதான் நரி என்று ஒரு புதிய பிரவுசர் வந்து பேசப்பட்டுக்கொண்டிருந்தது. ஒரு நரி பூமி உருண்டையைச் சுற்றி வாலை வளைத்துப் படுத்திருக்கும், அதுதான் அடையாளம். அதில் இந்தப் பக்கம் திறக்கும் என்று மருமகன் சொன்னான்.

“ஒரு பெட்டியில மட்டும் நரியைப் போடுப்பா” என்றேன் ஈயோட்டியிடம்.

“அதெப்டி சார்? ஆறு படை வீட்லயும் ஒரே முருகன்தான? ஒண்ணுல நரி, அஞ்சில ஈயா? மாத்தினா ஆறயும் மாத்தணும்.”

“சரி, ஆறையும் மாத்து.”

“என் இஷ்டத்துக்கு மாத்த முடியுமா? வர்றவங்கள கேக்கணும். ஓட்டு வெப்போம். எல்லாரும் சரின்னா மாத்துவேன். ஒருத்தர் வேணான்னாலும் வேணாம்தான்.”

“எந்தத் தேர்தல்ல அய்யா எல்லாரும் ஒரே பக்கம் போடுவாங்க?”

“சார், அஞ்சாம் படை வீடு காலியாத்தான் கீது.”

அரக்கோணம் போயிருக்கலாம். ஆனால் என் மனைவியின் முழங்கால் பேருந்துப் படி ஏறாது. பேத்தியைப் பார்க்காமல் அவள் என்னை உயிரோடு விடமாட்டாள். எங்கள் ஊரில் காமிரா வைத்திருந்த கடை இது ஒன்றுதான். வேறு வழியில்லாமல் நானே தேர்தல் அதிகாரி ஆனேன். அரசாங்கத் தேர்தல்களில் பதினொரு முறை வாக்குச்சாவடியில் உட்கார்ந்த அனுபவம் இருந்தது. ஊறுகாய் ஜாடி ஒன்றைக் கழுவி ஓட்டுப்பெட்டி ஆக்கினோம். சீட்டில் ஈயோ நரியோ படம் வரைந்து போடவேண்டும். வெள்ளிக்கிழமை மாலை எண்ணிக்கை. ஒரு தடவை எல்லாரும் ஒத்துவரவில்லை என்றால், மறு வெள்ளி மறுபடியும்.

முதல் வெள்ளி வருவதற்குள் கடை இரண்டுபட்டது. மலைக்கோயில் மடப்பள்ளியில் பரம்பரையாகச் சமைக்கிறவர் ஒருவர் தினமும் மதியம் இறங்கிவந்து செய்தி படிப்பார். அவர் ஈ கட்சி. “பாத்திரத்த மாத்தினா ருசி மாறிடும் சார். எங்க வெண்கலப் பானை எத்தனை தலைமுறையாச்சு தெரியுமோ? அடி கறுத்திருக்கு, ஆனா பொங்கல் ஒருநாள் அடிப்பிடிச்சதில்ல. புதுசு பளபளன்னு இருக்கும், பிடிச்சுக்கும்” என்றார்.

பொதட்டூர்பேட்டையிலிருந்து வரும் லுங்கி வியாபாரி நரி கட்சி. வீட்டில் தெலுங்கு, வியாபாரத்தில் தமிழ். ஈயோட்டியை மச்சான் முறையில் பாவா என்று கூப்பிடுவார். “பாவா, எங்க வூட்ல ஒருத்தனுக்கு அதிர்ஷ்டம் அடிச்சா, நக்க தோக தொக்கினாவான்னு கேப்பாங்க. நரி வால மிதிச்சிட்டு வந்தியாடான்னு அர்த்தம். நீ தெனம் மிதிக்கலாம், விடாத” என்றார்.

மடப்பள்ளிக்காரர் சும்மா இருப்பாரா? “வாலாவது! நரி முகத்துலன்னா முழிக்கணும்? வால மிதிச்சா அது கடிக்கும்.”

“தெலுங்கு நரி கடிக்காது சாமி.”

“நரிக்கு ஏதுங்காணும் தெலுங்கும் தமிழும்?”

அதிர்ஷ்டம் நரியின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்ற வாதம் இரண்டு நாள் நடந்தது. கடைசியில் ஈயோட்டி அந்த அடையாளத்தைப் பெரிதாக அச்சடித்துக் காட்டி, “முகமும் கீது, வாலும் கீது. ரெண்டு பேரும் அடிச்சிக்காதீங்க” என்றார். மடப்பள்ளிக்காரர் அதை உற்றுப்பார்த்து, “அப்படின்னா யோசிக்கலாம். ஆனா புதுப் பாத்திரத்துல மொதல்ல பால் காய்ச்சற மாதிரி, நரியில மொதல்ல சுவாமி படத்தத்தான் தெறக்கணும்” என்று நிபந்தனையோடு கட்சி மாறினார். அரக்கோணத்து ரயில்வேக்காரர் ஒருவர் மட்டும், “இன்ஜின் மாத்தினா வண்டி லேட்டாவும், ஆனா டீ குடிக்க டைம் கெடைக்கும்” என்று எந்தக் கட்சி என்றே தெரியாமல் பேசிவிட்டுப் போனார்.

முதல் வெள்ளி: முப்பத்தொரு சீட்டு. நரி பதினேழு, ஈ பதினொன்று, செல்லாதவை மூன்று. செல்லாததில் ஒன்றில் இருந்தது நரியா நாயா என்று தகராறு. இன்னொன்றில் ‘ஒரு டீ, சர்க்கரை கம்மி’ என்று எழுதியிருந்தது. மூன்றாவதில் ஆகாய விமானம். அதைப் போட்டவர் அது ஈதான் என்று சத்தியம் செய்தார்.

நான் விடவில்லை. வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் என் பேத்தி, முப்பத்தொன்றாம் நாள், காதில் மூன்று முறை என்று சொன்னேன். தேர்தல் அதிகாரி பிரசாரம் செய்யக்கூடாது என்பது எனக்கும் தெரியும். பேத்தி இல்லாதவர்கள் போட்ட சட்டம் அது. இரண்டாம் வெள்ளி: முப்பத்து மூன்றில் நரி இருபத்தேழு, ஈ ஐந்து, செல்லாதது ஒன்று. மூன்றாம் வெள்ளி: முப்பத்தைந்தில் நரி முப்பத்து நான்கு.

ஈ ஒன்று.

ஞாயிற்றுக்கு ஒன்பது நாட்கள் இருந்தன. “ஒண்ணு கொறையுதே சார். அடுத்த வெள்ளி பாப்போம்” என்றார் ஈயோட்டி, ஜாடியைக் கழுவிக்கொண்டே.

வீட்டுக்குப் போய் எல்லாச் சீட்டுகளையும் கட்டிலில் பரப்பினேன். என் மனைவி எட்டிப் பார்த்து, “பேரு வெக்கச் சொன்னா ஈ எண்ணிகினு ஒக்காந்திருக்கீங்களே” என்றாள். அவள் வேடிக்கையாகச் சொன்னதுதான் எனக்கு வழிகாட்டியது. ஈயின் கால்களை எண்ணத் தொடங்கினேன். மூன்று வாரங்களில் விழுந்த ஈக்கள் பதினேழு. ஒன்றுக்கு நான்கு கால், ஒன்றுக்கு எட்டு, ஒன்றுக்குக் கால்களே இல்லை. விமானத்துக்கு மூன்று சக்கரம். ஆனால் ஒவ்வொரு வாரமும் ஒரே ஓர் ஈ மட்டும் கச்சிதமாக, பக்கத்துக்கு மூன்று, ஆறு கால்களோடு இருந்தது. மூன்றாம் வாரத்து ஒற்றை ஈக்கும் ஆறு கால்.

திருத்தணியில் ஓர் ஈக்கு எத்தனை கால் என்று கையோடு தெரிந்தவர் யார்? நாள் முழுதும் அதையே பார்த்துக்கொண்டிருப்பவர்தானே?

அரை மணியில் கடையில் இருந்தேன். “ஏன்யா, ஓட்டு வெச்சவனே எதிரா ஓட்டுப் போடறதா? எம் பேத்தி காதுல பேர் சொல்லவிடாம மூணு வாரமா என்னை அலையவெச்சது நீதானா? கள்ள ஓட்டுய்யா இது!”

வழக்கமாகச் சொல்கிற அஞ்சாம் படை வீட்டை அன்று அவர் சொல்லவில்லை. தோள் துண்டை எடுத்து, இல்லாத ஈயை ஒரு வீசு வீசினார்.

“கள்ள ஓட்டு இல்ல சார். என் ஓட்டு நரிக்குத்தான், அதயும் போட்டுட்டேன். எண்ணிப் பாருங்க. இது வேற ஆள் ஓட்டு. அவுங்களால வரையமுடியாது, அதான் நான் போட்டேன்.”

கன்னியம்மாவை நீங்களும் பாத்திருப்பீங்க என்று தொடங்கி அவர் சொன்னது இது. திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு வெட்டுகிற அம்மாள். செவ்வாய்தோறும் மலைக்கு வந்து கும்பிட்டுவிட்டு, முந்தானையில் ஒரு துண்டுக் கரும்போடு கடைக்கு வருவார். ஒரே மகன் வளைகுடாவில் கொத்தனார். வாரம் ஒரு கடிதம் மின்னஞ்சலில் போடுவான். அம்மாளுக்கு எழுத்து தெரியாது. ஆனால் ஈயோட்டி திறந்து கொடுத்தால் கோபம் வந்துவிடும். “எம் புள்ள கடுதாசிய நான்தான் பிரிப்பேன். படிக்கறதுதான் உன் வேல” என்பாராம். ஈ மேல் இரண்டு தட்டு. மேலே இடமிருந்து ஏழாவதாக இருக்கும் நட்சத்திரத்தில் ஒரு தட்டு. இறங்கும் பட்டியலில் ஐந்தாவது வரியில் ஒரு தட்டு. மகனுடைய கடிதப் பெட்டி திறந்துவிடும். விரல்விட்டு எண்ணியே பழகிவிட்டார்.

“ரெண்டு வருசம் முன்னாடி ஈலயே புதுசு வந்துச்சின்னு யாரையும் கேக்காம மாத்திட்டேன் சார். மொதல்ல நட்சத்திரம் நாலாவதா இருந்துச்சி, புதுசுல ஏழாவதுக்குப் போயிடிச்சி. நான் அன்னிக்கு கரண்ட் ஆபீசுக்குப் போயிருந்தேன். அந்தம்மா நாலாவத தட்டிகீது, வெறும் வெள்ளையா வந்துகீது. புள்ள எழுதலன்னு நெனச்சிகினு போயிடிச்சி. அஞ்சு வாரம் வரல. அஞ்சு கடுதாசியயும் அச்சடிச்சி எடுத்துகினு திருவாலங்காட்ல கொல்ல கொல்லயா தேடினேன். கரும்புக்கு நடுவுல நின்னுகினு இன்னா கேட்டுச்சி தெரியுமா? ‘எம் புள்ள என்ன மறந்துட்டான்னு சொல்லத்தான் இவ்ளோ தூரம் வந்தியா நைனா?’”

ஈயோட்டி துண்டை மடித்தார். “அன்னியிலேர்ந்துதான் சார் எதயும் மாத்தறதில்ல.”

“ஒரு பெட்டியை மட்டும் பழையபடி அவங்களுக்கு விட்டுடலாமே?”

“எது காலியோ அதுல ஒக்காரும். உனக்கு மட்டும் பழசும்மான்னு எந்த வாயால சொல்றது?”

நான் என்னையறியாமல் திருத்தணியில் போய் உட்கார்ந்தேன். யாரும் சொல்லாமல் நானே போய் உட்கார்ந்தது அந்த ஒரு தடவைதான்.

உட்கார்ந்த இடத்தில் என் முப்பத்து நான்கு வருட உத்தியோகம் கைகொடுத்தது. நில அளவையில் கல் நகர்ந்துவிட்டால் நிலத்தைக் குறை சொல்லமாட்டோம். கல்லைப் பழைய இடத்தில் நட்டுவிடுவோம். நரியின் மேல்பட்டையில் இருக்கும் பொத்தான்களை இழுத்து இடம் மாற்றலாமா என்று கேட்டேன். மாற்றலாம் என்றார். அடையாளப் படத்தை? அதையும் மாற்றலாம் என்றார். சனி, ஞாயிறு இரண்டு மதியங்களும் நான் அடிக்கோல் வைத்து அளக்க, அவர் இழுத்து நட்டார். ஆறு பெட்டியிலும் நரியை ஏற்றினோம். மடப்பள்ளிக்காரர் முதலில் சுவாமி படம் திறந்து, கற்பூரம் காட்டப் போனார், தடுத்துவிட்டோம். நட்சத்திரம் இடமிருந்து ஏழாவதாக வந்தது. கடிதப் பெட்டி ஐந்தாவது வரிக்கு வந்தது. கடைசியாக, நரியின் படத்தை எடுத்துவிட்டு அதன் இடத்தில் நீல ஈயை ஒட்டினார்.

“பசுத்தோல் போர்த்திய புலி கேள்விப்பட்டிருக்கேன். ஈத்தோல் போர்த்திய நரியை இப்பதான்யா பாக்கறேன்” என்றேன்.

செவ்வாய்க்கிழமை கன்னியம்மா வந்தார். கடையில் அன்று வேலை இல்லாதவர்களும் இருந்தார்கள். எண்ணினேன், பதினான்கு பேர். எல்லாரும் தத்தம் திரையைப் பார்ப்பதுபோல் அவரையே பார்த்தோம். ஈயோட்டி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் சுவாமிமலையில் உட்கார்ந்து, கரும்பை மடியில் வைத்துக்கொண்டு, ஈயை இரண்டு தட்டு தட்டினார். விரலை மடக்கி ஏழு எண்ணினார். நட்சத்திரம். ஐந்து எண்ணினார். தட்டினார். கடிதம் விரிந்தது.

யாரோ மூச்சு விட்டார்கள். நான்தான் என்று நினைக்கிறேன்.

“இன்னா நைனா, ஈ இன்னிக்கு இவ்ளோ வெரசா பறக்குது?”

“அது... தீனி போட்டேம்மா.”

“எங்கிட்டயே கத வுடறியா? இது அந்த ஈ இல்ல. அது தெறக்கறதுக்குள்ள நான் வெத்தல பாக்கு போட்டு முடிச்சிருப்பேன். உண்மயச் சொல்லு.”

ஈயோட்டிக்குப் பொய் அவ்வளவுதான் வரும். எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்: என் பேத்தி, ஓட்டு, நரி, அவர் பெயரில் போட்ட ஆறு கால் ஈ. அச்சடித்த நரியையும் கொண்டுவந்து காட்டினார். அதிர்ஷ்டம் முகத்திலா வாலிலா என்று அடித்துக்கொண்டதையும் சொன்னார்.

கன்னியம்மா படத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் பஞ்சாமிர்தக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். “இதுக்கா சாமி சண்ட போட்டீங்க? கரும்புக் கொல்லைல தெனம் இது மூஞ்சிலதான் முழிக்கிறேன். இருட்ல எத்தினியோ தபா வாலயும் மிதிச்சிருக்கேன். இன்னா அதிர்ஷ்டம் கொட்டுச்சி? கரும்புதான் போச்சி!”

மடப்பள்ளிக்காரரும் லுங்கி வியாபாரியும் ஒரே சமயத்தில் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

பிறகு அம்மாள் என் பக்கம் திரும்பினார். “ஐயா, உம் பேத்திக்காண்டி மூணு வாரமா நின்னுகினு இருந்தியா? எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கக் கூடாது? வழி மாறாம இருந்தா போதும், அதும்மேல ஈ ஒக்காந்தா இன்னா, நரி ஒக்காந்தா இன்னா? நைனா, அந்தச் சீட்டக் குடு.” பேனாவை முஷ்டியில் பிடித்து ஒரு நரி வரைந்தார். அந்தத் தேர்தலில் விழுந்த நரிகளிலேயே நரி மாதிரி இருந்தது அது ஒன்றுதான். “கடுதாசியப் படி” என்றார். ஈயோட்டி வானொலிச் செய்தி வாசிப்பவர் குரலில் படித்தார். மகனுக்கு மேஸ்திரி வேலை கிடைத்திருந்தது. அன்று கரும்பு எல்லாருக்கும் ஒரு துண்டு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாலை. அங்கே காலை. என் மனைவி பட்டுப்புடவையில் வந்தாள். எனக்குத் திருத்தணிதான். படம் வந்தது: மகள், மருமகன், துணிச் சுருளுக்குள் வெளியே தெரியும் ஒரு மூக்கு. மருமகன் பெரிய ஹெட்போனை எடுத்து அந்தச் சின்னக் காதில் வைத்தான். நான் தொண்டையைச் செருமினேன். அவர்கள் உதடு அசைகிறது, ஒலி வரவில்லை. அவர்களுக்கு என் குரல் போகிறதா என்றும் தெரியவில்லை. என் மனைவி, “நல்ல நேரம் போவுது, நல்ல நேரம் போவுது” என்று என் முதுகில் குத்தினாள். முகம் தெரிந்து பயன் என்ன, குரல் போகாவிட்டால் பெயர் எப்படிப் போகும்?

ஈயோட்டி பாய்ந்து வந்து பின்னாலிருந்த கம்பியைப் பிடுங்கிச் செருகி, என் வாய்க்கு முன்னாலிருந்த ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்து, திருவாலங்காடு வரை கேட்கும்படி கத்தினார்:

“கேக்குதா? கேக்குதா? கேக்குதா?”

துணிச் சுருள் ஒரு துள்ளு துள்ளியது. இரண்டு கண்கள் திறந்தன. அவர் கத்தியதை நான் எண்ணிவிட்டேன். மூன்று.

நான் அவசரமாக ஒலிவாங்கியை இழுத்து வள்ளி, வள்ளி, வள்ளி என்று சொன்னேன். அதுவும் போய்ச் சேர்ந்தது. ஆனால் மடப்பள்ளிக்காரர் தலையை ஆட்டினார். “மொதல்ல மூணு தரம் காதுல விழுந்தது எதுவோ அதான் பேரு. சாஸ்திரத்த மாத்த முடியாது.” கனடாவில் என் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பது ஒலியோடு கேட்டது. ஈயோட்டி என் காலில் விழப்போனார். “மன்னிச்சிடுங்க சார், தாத்தாதான சொல்லணும், நான் சொல்லிட்டேனே” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. என் மனைவிதான், “விடுப்பா, நீயும் ஒரு தாத்தாதான்” என்றாள். அவருக்கு அப்போது வயது நாற்பத்தாறு.

பள்ளிச் சான்றிதழில் வள்ளி. வீட்டில் அன்றுமுதல் இன்றுவரை அவள் பெயர் கேக்கு.

எல்லார் கையிலும் தொலைபேசி வந்தபின் அந்தக் கடைக்கு வேலை இல்லாமல் போனது. கடைசி மாதங்களில் ஈயோட்டி நிஜமாகவே ஈ ஓட்டினார். பிறகு நகரியில் தம்பி வீட்டோடு போய்விட்டார். கிளம்புகிற அன்று ஐந்தாம் பெட்டியின் தலையிலிருந்து ‘திருத்தணி’ என்ற சீட்டைப் பிய்த்து என் குடைப் பிடியில் ஒட்டினார். “இனிமே எங்க போனாலும் கூடவே கீது சார். கோவம் வந்தா புடிச்சிக்கோங்க.” பிடித்துப் பிடித்து எழுத்துகள் அழிந்துவிட்டன.

கேக்கு இப்போது கல்லூரியில் படிக்கிறாள். ஞாயிறுதோறும் என் தொலைபேசியில் முகம் காட்டுவாள். போன வாரம் திரையில், ‘புதிய பதிப்பு வந்துள்ளது, மாறலாமா?’ என்று ஒரு கேள்வி குறுக்கே வந்து நின்றது. இதோடு நாற்பத்தொன்றாவது முறை. நான் ‘பிறகு’ என்பதைத் தட்டினேன்.

“ஏன் தாத்தா, மாத்தினா என்ன?”

என் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் மடித்து வைத்த மூன்று சீட்டுகள் இருக்கின்றன. மூன்றிலும் ஓர் ஈ, பக்கத்துக்கு மூன்று கால்.

“நாங்க எல்லாரும் சரின்னுட்டோம்மா” என்றேன். “நகரியிலிருந்து இன்னும் ஒரு ஓட்டு வரவேண்டியிருக்கு.”